மேல்காட்டுக் கல்மேடு

சூடம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா கல்மேட்டின் மேல் கை வைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், மேல்காட்டின் அடியில், அன்று எடப்புளி நாடே, சுற்றியுள்ள மலையூர்கள் அத்தனையும், கூடியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் பட்டக்காரர் உட்கார்ந்திருந்தார். நாட்டுக்குள் என்ன வழக்கு வந்தாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவருக்கு வலப்பக்கம் காத்தான் மாமா புதுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஜெயித்துவிட்ட மாதிரியே ஒரு நிற்பு. ஆண்கள் பலாமரத்து நிழலில் இருந்தார்கள், பெண்கள் வேலியோரம். மார்கழிப் பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது.

அம்மா செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒரு கையைக் கல்மேட்டின் மேல் வைத்து, "இதுக்குக் கீழே இருக்கிறவர் அறிய, மேல்காட்டை வெட்டித் திருத்தினது எங்க குடி" என்று சொல்லிவிட்டு, மறு கையால் சூடத்தை அணைக்க வேண்டும். சொல்லிவிட்டால் மேல்காடு எங்களுக்கு. சொல்லாவிட்டால் காத்தான் மாமாவுக்கு. இடையில் பேச்சே கிடையாது.

அந்தக் காடு போனால் எங்களுக்கு மிஞ்சுவது வீட்டடி நிலமும் கொஞ்சம் மரவள்ளியும்தான். சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் மேல்காட்டில்தான் விளைந்தன. சோறு அங்கிருந்துதான் வந்தது.

"கையை வெய்யி வெள்ளையம்மா, சூடம் கரையுதில்ல" என்றார் பட்டக்காரர்.

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கும்பிட்ட மேடுகள்

இதை இப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் நேராக ஏற முடியாது, வளைந்துதான் ஏற வேண்டும். என் எழுத்தும் அப்படித்தான். போன வாரம் இந்தப் பத்திரிகையில் மிளகு மூட்டையோடு காட்டாற்றில் மாட்டிக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, உங்க குடியப் பத்தியே எழுதறீங்களே, பெருமை கொஞ்சம் சாஸ்தியா இல்லீங்களா?" என்று கேட்டார். எங்கள் குடிப் பெருமையை நான் எழுதாமல் பக்கத்து வீட்டுக்காரனா எழுதுவான்? இந்த வாரம் இன்னும் சாஸ்தியாகவே இருக்கும். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கே சமையல் குறிப்பு இருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அவரவர் குடியில் செத்தவர்களை அவரவர் காட்டோரத்திலேயே அடக்கம் செய்வார்கள். மண்ணைக் குவித்துத் தலைமாட்டில் ஒரு கல்லை நடுவார்கள். அதற்குக் குழிமேடு என்று பெயர். உழும்போது ஏர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். மாட்டைக் கூட அதன் மேல் ஏற விடமாட்டோம்.

எங்கள் காட்டோரத்தில் மூன்று மேடுகள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது. முந்தின வருஷத்துக் காய்ச்சலில் போனவர், மண் இன்னும் முழுதாக இறுகவில்லை. இன்னொன்று அப்பாவின் அப்பாவுடையது. மூன்றாவதுதான் பெரிய சடையனுடையது. அவர் எனக்குப் பூட்டன், பாட்டனுக்கு அப்பா. அது மட்டும் மண்மேடு இல்லை, ஆள் உயரத்துக்குக் கல்லால் ஆன மேடு. பெரிய ஆளுக்குப் பெரிய மேடு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வருஷா வருஷம் தை நோம்பிக்கு, அதுதான் பொங்கலுக்கு, முன்னால் அம்மா அந்தக் கல்மேட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். சுண்ணாம்பு மலையில் கிடைக்காது. மலையடிச் சந்தையில் வாங்கித் தலைச்சுமையாக ஏற்றிவர வேண்டும். அரைநாள் ஏற்றம். வழியில் மழை பிடித்தால் கூடைக்குள்ளேயே சுண்ணாம்பு கொதித்துப் புகையும், தலை வெந்து போகும். அப்படி ஒரு தடவை வெந்த தழும்பு அம்மாவின் வகிட்டோரம் இருந்தது. அங்கே முடி முளைக்கவே இல்லை. அதை மறைக்கவும் மாட்டாள்.

வந்த குடி

பெரிய சடையன் குண்டனி நாட்டுக்காரர். அங்கே அண்ணன் தம்பிகளுக்குள் ஒரு பலாமரத்துக்காகச் சண்டை வந்தது. காய் யாருக்கு என்று இல்லை, மரத்து நிழல் யார் காட்டில் விழுகிறது என்று சண்டை. எங்கள் குடியின் அறிவு அவ்வளவுதான், நான் மறைக்க விரும்பவில்லை. "நெழலுக்கு அடிச்சுக்கறவங்களோட நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியையும் ஒரு மண்கொத்தையும் ஒரு அரிவாளையும் முடிச்சில் கட்டிய விதைச் சாமையையும் எடுத்துக்கொண்டு எடப்புளி நாட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவருக்கு நல்ல இடத்தையா கொடுப்பார்கள்? "அதோ அந்தச் சரிவுல வெட்டிப் பொழச்சுக்கோ" என்று சும்மா கிடந்த புதர்க்காட்டைக் காட்டினார்கள். பகலிலேயே கரடி உலாவும் இடம். காட்டை வெட்டித் திருத்தியவனுக்குக் காடு சொந்தம் என்பது மலைச் சட்டம். பத்திரம், பட்டா எல்லாம் மலையடியில் ஆபீஸ் வைத்திருப்பவர்களின் சமாச்சாரம். அங்கே போவதைப் பற்றிப் பட்டக்காரர் ஒன்று சொல்வார்: "ரெண்டு பேரு வழக்கோட எறங்குவீங்க, ரெண்டு பேரும் காடு இல்லாம ஏறுவீங்க."

பெரிய சடையன் வெட்டினார், சுட்டார், கொத்தினார். நான் பிறந்தபோது மேல்காடு எப்படி இருந்தது தெரியுமா? செம்மண். காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். சாமை கதிர் பிடித்துச் சாய்ந்து நிற்கும்போது காற்று அடித்தால் காடு முழுக்க ஒரு சலசலப்பு எழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காவல் பரணில் படுத்திருப்பதுதான் நான் அனுபவித்த பெரிய சுகம். பன்றி விரட்டப் போவதாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவேன்.

இத்தனைக்குப் பிறகும் எடப்புளி நாட்டில் எங்களுக்கு 'வந்த குடி' என்றுதான் பெயர். கல்யாணப் பந்தியில் கடைசி இலை எங்களுக்கு. கோயில் காரியத்தில் விறகு சுமக்க மட்டும் முதல் அழைப்பு எங்களுக்கு.

அம்மா எடப்புளி நாட்டிலேயே பழைய குடியில் பிறந்தவள். வந்த குடிக்குப் பெண் கொடுத்ததற்கு அவளுடைய சொந்தக்காரர்கள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் குடியைப் பற்றி எங்களைவிட அதிகம் பெருமை பேசினாள். "பொறந்த ஊட்டுல பாட்டன் வெச்ச காட்டுல ஒக்காந்து திங்கறாங்க. எம் புருசன் ஊட்டுல காட்டையே உண்டாக்கித் திங்கறாங்க" என்று பொதுக் கிணற்றில் வைத்துச் சொல்வாள். கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

காத்தான் மாமாவின் வழக்கு

காத்தான் மாமா அம்மாவுக்கு ஒரு வகையில் பங்காளி அண்ணன். எனக்கு மாமா. எங்கள் மேல்காட்டுக்கு மேலே அவருடைய மரவள்ளிக் காடு. எங்கள் காட்டின் குறுக்கே உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் அவர் போய் வர வேண்டும். அப்பா இருந்தவரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் சந்தைக்கு இறங்குவார்கள்.

அப்பா போன பிறகு, கதிர் அறுப்பு முடிந்த கையோடு, அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கூழைக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, மேல்காடு எங்க பாட்டன் வெட்டுனது. உம் மாமனாருக்கு வாய்ப்பேச்சா வெள்ளாமைக்கு உட்டது. இத்தன வருசம் மச்சானுக்காகப் பாத்தேன். இனி நானே பண்ணிக்கறேன்."

அம்மா சொம்பை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"அண்ணா, ஆம்பள போனதும் காடு போயிருமா?"

"ஆம்பள போனதுக்கும் இதுக்கும் என்ன? உள்ளதச் சொல்றேன்."

"உள்ளத நாட்டுல வெச்சுச் சொல்லுங்க."

வழக்கு பட்டக்காரரிடம் போனது. காடு வெட்டியதைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. காத்தான் மாமா காட்டோரப் பலாமரத்தைக் காட்டி, அது அவர் பாட்டன் வைத்தது என்றார். அது தானாக முளைத்தது என்று நாங்கள் சொன்னோம். பலாமரம் வாய் திறக்கவில்லை. கடைசியில் பட்டக்காரர் சத்தியத்துக்கு விட்டார். காட்டை வெட்டினவர் பெரிய சடையன் என்றால் அவர் குழிமேட்டின் மேலேயே அந்தக் குடியின் மூத்தவர் சத்தியம் செய்யட்டும் என்றார். பொய்ச் சத்தியம் செய்தால் மூன்று தலைமுறைக்கு அந்தக் காட்டில் கதிர் பால் பிடிக்காது என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அதனால் பொய்யாகக் கை வைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

எங்களுக்கு ஒரே சந்தோஷம். உண்மை எங்கள் பக்கம், மேடும் எங்கள் பக்கம். அம்மா அன்று ராகிக் களியில் நெய் விட்டாள். நெய்யெல்லாம் எங்கள் வீட்டில் சும்மா விடுகிற பொருள் இல்லை.

அரசங்கன்று

சத்தியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். ஊரே வந்து பார்க்கப் போகிறது, மேட்டைச் சுத்தம் செய் என்று அம்மா என்னை அனுப்பினாள். கொடியை எல்லாம் அறுத்துப் போட்டேன். கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்து இடுப்பளவு வளர்ந்திருந்தது. வெட்டினால் மறுபடி தழையும் என்று வேரோடு பிடித்து இழுத்தேன். எனக்கு அப்போது இருபது வயதுக்கு மேல், உடம்பில் நல்ல வலு. வேர் வந்தது. வேரோடு மேட்டின் ஒரு பக்கமும் சரிந்து வந்தது. கால் பிழைத்தது தெய்வச் செயல்.

அம்மா சத்தம் கேட்டு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், சரிந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த வேரைப் பார்த்தாள். வேர் கீழே இறங்கியிருக்கவில்லை. தட்டையாக, பாய் விரித்த மாதிரி பரவியிருந்தது.

அம்மா குனிந்து அடிக்கல்லை ஒவ்வொன்றாக விலக்கினாள். கீழே பாறை. மண்ணே இல்லை. வழவழவென்று ஒரே பாறை, மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

காட்டு வேலை செய்கிற யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பாறையில் யாரும் குழி வெட்ட முடியாது. காட்டைத் திருத்துகிறவன் பொறுக்கிய கல்லை எங்கே போடுவான்? ஒன்றும் விளையாத பாறை மேல்தான் போடுவான். மலையில் எந்தக் காட்டோரத்திலும் அப்படி ஒரு குவியலைப் பார்க்கலாம். பூட்டன் செத்தபோது பாட்டன் சிறு பிள்ளை, குழி இருந்த இடம் தெரியாமல் போயிருக்க வேண்டும்; பிறகு மருமகளாக வந்த என் பாட்டி இந்தக் குவியலுக்குச் சுண்ணாம்பு அடித்து மஞ்சள் தெளித்திருக்கிறாள். அடுத்த மருமகள் என் அம்மா. தலை வெந்து போக மலையேற்றிக் கொண்டுவந்த சுண்ணாம்பு அத்தனையும் அந்தக் குவியலுக்குத்தான் போயிருக்கிறது.

அம்மா பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"கல்லை அடுக்கி வெய்யி கண்ணு" என்றாள்.

"அம்மா, நாளைக்கு?"

"அடுக்கி வெய்யி. நாலு பேரு வர்ற எடம், சரிஞ்சு கெடக்கக் கூடாது."

வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கினேன். பழைய மாதிரியே ஆகிவிட்டது. எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா சத்தியம் செய்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். காட்டை வெட்டினது உண்மைதானே. கீழே ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

காலையில் அவள் குளித்து, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, என் முன்னால் நடந்தாள்.

சூடம் அணைந்தது

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள் என்று சொன்னேன் அல்லவா?

"சாமி, நான் சத்தியம் பண்ண மாட்டேனுங்க" என்றாள் பட்டக்காரரைப் பார்த்து.

"ஏம்மா?"

"இதுக்குக் கீழ ஆளில்லீங்க."

வேலியோரத்துப் பெண்கள் கழுத்தை நீட்டி மேட்டைப் பார்த்தார்கள்.

"பாறைங்க. நேத்துக் கல்லு சரிஞ்சப்பத்தான் பாத்தேன். பாறைக்குள்ள ஆரப் பொதைக்க முடியும்? நானும் எம் மாமியாளும் இத்தன வருசமாக் கும்புட்டது வெறுங் கல்லுங்க. வெறுங் கல்லு மேல கைய வெச்சு, கீழ இருக்கறவரு அறியன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?"

பட்டக்காரர் தாடியைத் தடவினார். அவருக்கு அம்மா மேல் மரியாதை உண்டு. ஒரு வழி காட்டப் பார்த்தார்.

"செரி, உம் புருசன் மேடு அதா இருக்குது. அதும் மேல வெச்சுச் சொல்லு."

"எம் புருசன் காட்ட வெட்டலீங்க. வெட்டி வெச்ச காட்டுல வெள்ளாம பண்ணுனாரு. அவருக்குத் தெரியாத விசயத்துக்கு அவரச் சாட்சிக்கு எழுப்ப மாட்டேன்."

சூடம் தானாக அணைந்து வெற்றிலையில் கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. எங்கள் சாமையும் தினையும் அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் போய்விட்டன என்று நினைத்தேன். அதே நேரத்தில், உள்ளே எங்கோ ஒரு மூலையில், என் அம்மாவைப் போல ஒருத்தி இந்த மலையில் உண்டா என்றும் தோன்றியது. இப்போது யோசித்துச் சொல்லவில்லை. அப்போதே தோன்றியது.

சொறிக்கல்

காத்தான் மாமா அதோடு நிறுத்தியிருந்தால் காடு அவருக்குப் போயிருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவருக்கு ஜெயித்தது போதவில்லை. எங்களைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"பாத்தீங்களா சாமி? வந்த குடின்னா இதுதான். பூட்டன் குழி எங்கன்னு கூடத் தெரியாத குடி! ஏய், கல்லப் பிரிங்கடா, எல்லாரும் பாக்கட்டும்!"

இரண்டு வாலிபர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நான் தடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கற்கள் உருண்டன. வெளியே இருந்தவை வெள்ளை. உள்ளே இருந்தவை சுண்ணாம்பே படாதவை. நடுவில் பாறை பளிச்சென்று தெரிந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் உச்சுக் கொட்டினார்கள்.

"காட்டுல பொறுக்கிப் போட்ட கல்லுங்க இது!" என்று காத்தான் மாமா ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு மஞ்சளு, இதுக்குப் படையலு!"

"எந்தக் காட்டுல பொறுக்குனது?" என்று கேட்டார் பட்டக்காரர்.

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

காத்தான் மாமா அப்போதுதான் கையில் இருந்த கல்லைப் பார்த்தார். சிவந்த கல். மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. அவருடைய உள்ளங்கையில் செம்மண் ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் அதற்குச் சொறிக்கல் என்று பெயர். வீட்டடியில் இருப்பதெல்லாம் கருங்கல். அவருடைய மரவள்ளிக் காட்டிலும் கருங்கல்தான். ஆழ உழுதால் சொறிக்கல் தட்டுவது ஒரே ஒரு இடத்து மண்ணில்தான். முந்தின நாள் அந்தக் கற்களைத் தொட்டு அடுக்கிய எனக்கே அது உறைக்கவில்லை.

"என்ன காத்தான், பேச்சக் காணோம்?"

"சொறிக்கல்லுங்க."

"இங்க சொறிக்கல்லு எங்க இருக்குது?"

"மேல்காட்டுலதானுங்க."

"உங்க பாட்டன் வெட்டுன காட்டுக் கல்லு இவங்க ஊட்டுப் பாறைக்கு எப்படி வந்துது?"

காத்தான் மாமா கல்லைக் கையில் புரட்டினார். பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை அவர்.

"சரிவுதானுங்களே. உருண்டு வந்திருக்கும்."

"உருண்டு வந்து, ஒண்ணு மேல ஒண்ணா ஏறி ஒக்காந்துக்கிச்சா?"

கூட்டம் சிரித்த சிரிப்பு அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். வேலியோரத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் பல வருஷமாகப் பேசாத அவளுடைய சித்தி கூடச் சிரித்தாள்.

பட்டக்காரர் சிரிக்கவில்லை. கலைந்து கிடந்த கற்களைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சிலது தலைச்சுமைக் கல். சிலதை ஒரு ஆள் புரட்டிப் புரட்டித்தான் கொண்டுவந்திருக்க முடியும். ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முக்கலோடு கீழே வைத்தார். பிறகு மேல்காட்டை நிமிர்ந்து பார்த்தார். அறுப்பு முடிந்த செம்மண் வெயிலில் கிடந்தது. கண்ணுக்கு எட்டின வரை கல் என்று ஒன்று இல்லை.

"இத்தனக் கல்லையும் ஒருத்தன் சொமந்திருக்கறான்" என்றார். "எங்க அப்பன் காலத்து ஆளுங்க இவங்களுக்குக் கல்லுக் காட்டக் குடுத்துட்டுச் சிரிச்சாங்களாம். எனக்குச் சொல்லியிருக்கறாங்க, எந்தக் காடுன்னுதான் தெரியாம இருந்துது. சத்தியம் வேண்டாம் வெள்ளையம்மா. மேல்காடு உங்க குடிக்கு. இனி இந்த நாட்டுல இவங்கள ஆரும் வந்த குடின்னு சொல்லக் கூடாது."

காத்தான் மாமா கல்லைக் கீழே போட்டார். வழக்குத் தீர்ந்ததற்கு அடையாளமாக வெற்றிலைத் தட்டை நீட்டியபோது வாங்காமல் போய்விட்டார்.

நான் அன்று நடந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஊரையே நான் திருத்திக் கட்டின மாதிரி நடந்தேன். பிற்பாடு மிளகு மண்டியில் வேலை பார்த்து, நாலு எழுத்துப் படித்து, பத்திரிகையில் என் பெயர் அச்சாகி வந்தபோது கூட அப்படி நடந்ததில்லை.

எல்லாரும் போன பிறகு அம்மாவைத் தேடினேன். பாறை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்பா போனபோது கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

"காடு கெடச்சிருச்சேம்மா, ஏன் அழுவற?"

"காடு கெடச்சிருச்சு. பூட்டன் போயிட்டாரே கண்ணு."

மூன்றாவது இலை

தை நோம்பி வந்தது. அம்மா எப்போதும் போலப் பொங்கி, மொச்சைக் குழம்பு வைத்து, மூன்று வாழை இலையில் படையல் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் போனேன். மூன்றாவது இலை எதற்கு என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்பா மேட்டில் ஒரு இலை போட்டாள். பாட்டன் மேட்டில் ஒரு இலை. கலைந்து கிடந்த கல்மேட்டைத் தாண்டினாள், நிற்கவில்லை. மேல்காட்டுக்குள் ஏறினாள். காட்டின் நடுவுக்குப் போய், அறுத்த சாமைத் தாள்களுக்கு இடையே மண்ணைக் கையால் நிரவி மூன்றாவது இலையை விரித்தாள்.

"இங்கயா இருக்கறாரு?" என்றேன்.

"எங்கயோ இருக்கறாரு. காட்ட இப்படித் திருத்துனவரு வேற எங்க போயிப் படுப்பாரு? எந்த எடம்னு தெரியல, அதனால எல்லா எடமும் அவரோடதுதான்."

நான் நின்ற இடத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. அம்மாவும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மேல்காட்டில் செருப்போடு நடப்பதில்லை. இது நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொண்ட வழக்கம். ஊரில் யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் மலையில் எதைத்தான் மறைக்க முடியும்?

மாசி மாதம் ஒரு காலை. நானும் அம்மாவும் காட்டில் சாமைத் தாள் பொறுக்கிக்கொண்டிருந்தோம். காத்தான் மாமா தன் காட்டுக்குப் போக வந்தார். வழக்குக்குப் பிறகு அவர் எங்கள் பாதையை விட்டுவிட்டு, ஓடையைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அன்றுதான் மறுபடி எங்கள் பாதையில் வந்தார். தோளில் கொத்து, காலில் சந்தையில் வாங்கிய புதுத் தோல்செருப்பு. எங்களைப் பார்த்தார். பார்க்காத மாதிரி வந்தார்.

காட்டு வரப்புக்கு வந்ததும் நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செம்மண்ணில் மெல்லக் கால் வைத்து நடந்து வந்தார்.

அம்மா நிமிர்ந்து நின்றாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்ன மாமா, உங்களுக்குமா?" என்றேன்.

அவர் நிற்காமல், என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"உம் பூட்டன் எந்த எடத்துல படுத்திருக்கறாருன்னு எனக்கென்னடா தெரியும்?"